வார்டு எல்லை வரைய யாரை எண்ணுவது? தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரப் பகுதிகளான சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ உங்கள் தெரு பக்கத்து வார்டுக்கு மாற்றப்பட்டிருந்தால், கோடு எங்கே விழுந்தது என்று வரைபடத்தைத் தேடுவதற்கு முன்னால், யாரை எண்ணிக் கோடு போட்டார்கள் என்று கணக்கைத் தேடுங்கள்.

படி 1: எந்த மன்றம் என்று பாருங்கள்.
தென்னாப்பிரிக்காவில் மன்றத்துக்கு மன்றம் எண்ணும் முறை வேறு. மாகாணச் சட்டமன்றத்தில் எத்தனை இடங்கள் என்பதை, அந்த மாகாணத்தில் வழக்கமாக வசிக்கும் மக்கள்தொகையில் 1,00,000 பேருக்கு ஓர் இடம் என்ற கணக்கில் தேர்தல் சட்டத்தின் 3ஆம் அட்டவணை முடிவு செய்கிறது. அதில் கைக்குழந்தையும் ஒரு தலைதான். 30க்குக் குறையவும் கூடாது, 80ஐத் தாண்டவும் கூடாது என்பதால், 2022 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 1.24 கோடிப் பேர் வாழும் குவாசுலு-நட்டாலுக்கும் 80 இடங்களே. வார்டுக்கோ 1998ஆம் ஆண்டின் நகராட்சிக் கட்டமைப்புச் சட்டம் பதிவு செய்த வாக்காளரை மட்டுமே எண்ணச் சொல்கிறது.

படி 2: சராசரியைக் கண்டுபிடியுங்கள்.
நகராட்சியின் வாக்காளர் பட்டியலில் உள்ள மொத்தப் பெயர்களை வார்டுகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். ஓர் ஊரில் 2,00,000 வாக்காளரும் 20 வார்டுகளும் இருப்பதாக வைத்துக்கொண்டால், சராசரி 10,000 ஆகும். 15 விழுக்காடு வரை கூடவோ குறையவோ இடமுண்டு என்பதால், 8,500 முதல் 11,500 வரை உள்ள வார்டு சட்டப்படி சரியானது.

படி 3: விடுபட்டவர்களை எண்ணுங்கள்.
பலரும் தாண்டிப் போகும் படி இதுதான். தலா 10,000 வாக்காளர் கொண்ட இரண்டு வார்டுகளில், ஒன்றில் பிள்ளைகள் வேறு ஊருக்குப் போய்விட்ட முதியோர் வீடுகளே மிகுதி. மற்றதில் பள்ளிச் சிறுவர்களும், குடியுரிமை பெறாத வெளிநாட்டுத் தொழிலாளரும், இடம் மாறி வந்தும் பதிவு செய்யாதவர்களும் மிகுதி. முன்னதில் 13,000 பேரும் பின்னதில் 25,000 பேரும் வாழ்ந்தாலும் வார்டுக்கு ஓர் உறுப்பினர்தான். குப்பை அள்ளுதல், குழாய் உடைப்பு, தெருவிளக்கு பற்றிய முறையீடுகளோ 25,000 பேரிடமிருந்தும் வரும். என் பார்வையில், வாக்கின் எடையைச் சமமாக்கும் இந்த முறை உறுப்பினரின் வேலைச்சுமையைச் சமமாக்குவதில்லை.

யாரை எண்ணுவது என்பதில் அமெரிக்காவிலும் ஒரு வழக்கு எழுந்தது. டெக்சாஸ் மாநிலம் மொத்த மக்கள்தொகையை வைத்துத் தொகுதி வரைந்ததை இரு வாக்காளர்கள் எதிர்த்தபோது, அம்முறை செல்லும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாக்காளரை மட்டும் எண்ணலாமா என்ற கேள்விக்கு அது விடை சொல்லவில்லை.

படி 4: மற்ற அளவுகோல்களையும் சேர்த்துப் பாருங்கள்.
சமூகங்கள் சிதறாமை, வாக்குச்சாவடிக்கு ஏற்ற இடம், வாக்காளரின் பாதுகாப்பு, எளிதில் அடையாளம் காணக்கூடிய எல்லை ஆகியவற்றையும் எல்லை வரையறை வாரியம் கருத வேண்டும்.

படி 5: ஆட்சேபத்தை எழுத்தில் கொடுங்கள்.
வாரியம் வார்டு எல்லைகளை அரசிதழில் வெளியிட்ட 14 நாள்களுக்குள் அனுப்ப வேண்டும். மக்கள்தொகை மிகுதி என்று மட்டும் எழுதினால் வார்டுக் கணக்கில் அது எடுபடாது. 15 விழுக்காட்டு வரம்பு மீறப்பட்டதையோ, கோயிலும் பள்ளியும் கடைத்தெருவும் ஒன்றாக இருந்த ஒரு குடியிருப்பை எந்தச் சாலையில் கோடு பிளக்கிறது என்பதையோ குறிப்பிட்டு எழுதுங்கள்.