கப்பலில் சென்று ஆசியத் துறைமுக நகரங்களைச் சுற்றிப் பார்ப்பது எப்படி?

சிங்கப்பூரிலிருந்து ஹாங்காங் வரை செல்லும் நீண்ட கப்பல் பயணத்துக்கு முன்பதிவு செய்தவுடன், திட்டத்தில் உள்ள ஊர்ப்பெயர்களை ஒதுக்கிவிட்டு, கப்பல் உண்மையில் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது என்பதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். "பாங்காக்" என்று போட்டிருந்தாலும் பெரிய கப்பல்கள் நிற்பது லேம் சாபாங்கில். அங்கிருந்து பாங்காக் சுமார் 130 கிலோமீட்டர். ஹோ சி மின் நகரத்துக்குப் பெரும்பாலும் ஃபூ மி, கோலாலம்பூருக்குக் கிள்ளான் துறைமுகம். பினாங்கில் மட்டும் கவலையில்லை: சுவெட்டன்ஹாம் துறையில் இறங்கினால் ஜார்ஜ் டவுனின் பழைய தெருக்களுக்கு நடந்தே போய்விடலாம். சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் இரண்டிரண்டு பயணிகள் முனையங்கள் இருப்பதால், எந்த முனையம் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

அடுத்தது நேரக் கணக்கு. பலரும் தடுமாறும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். தாய்லாந்தின் நேரம் சிங்கப்பூர் நேரத்தைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. கப்பல் தன் கடிகாரத்தை மாற்றாமல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடினால், "மாலை 5 மணிக்குள் அனைவரும் ஏறிவிட வேண்டும்" என்ற அறிவிப்பு, கரையில் தானாக மாறிக்கொள்ளும் உங்கள் கைப்பேசியில் மாலை 4 மணியைக் குறிக்கும். பாங்காக்கிலிருந்து திரும்ப இரண்டு மணி நேரம், நெரிசலுக்காக இன்னும் ஒரு மணி நேரம் என்று பின்னோக்கிக் கணக்கிட்டால், உள்ளூர் நேரம் பகல் 1 மணிக்கே நகரத்தைவிட்டுப் புறப்பட்டாக வேண்டும். காலையில் 9:30க்குப் போய்ச் சேர்ந்தாலும் கையில் இருப்பது மூன்றரை மணி நேரம்தான். அதில் வாட் போ கோயில் ஒன்றை நிதானமாகப் பார்ப்பதே என் பரிந்துரை. நீண்ட சாலைப் பயணம் வேண்டாமென்றால் பட்டாயாவில் முழுக்க மரத்தால் கட்டப்பட்டுவரும் சத்திய ஆலயம் துறைமுகத்துக்கு மிகவும் அருகில் இருக்கிறது. கப்பல் நேரத்துக்கு வைத்த சாதாரண முள் கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொள்ளுங்கள். எந்தச் செயலியையும்விட நான் நம்புவது அதைத்தான்.

சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, வியட்நாம் ஆகிய நான்கிலும் வாடகை வண்டி அழைக்கும் கிராப் செயலி பயன்படும். ஆனால் லேம் சாபாங் தாய்லாந்தின் மிகப் பெரிய கொள்கலன் துறைமுகம். "துறைமுகத்துக்குப் போங்கள்" என்றால் ஓட்டுநருக்கு எந்த வாயில் என்று புரியாது. முனையத்தின் பெயரையும் எண்ணையும் தாய் எழுத்தில் எழுதி வாங்கிக்கொள்வதும், போகவர ஒரே வண்டியை அமர்த்திக் காத்திருக்கச் சொல்வதும் நல்லது. கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவில் சென்றவர்கள் தாமதித்தால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். தனியே சென்றவர்களுக்காகக் காத்திருக்காது.

கரையைவிட்டு நகர்ந்ததும் கைப்பேசியை விமானப் பயன்முறைக்கு (ஏரோபிளேன் மோடு) மாற்றிவிடுங்கள். கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பில் தானாகச் சேர்ந்துகொண்டால் கட்டணம் எகிறிவிடும்.

பின்சேர்க்கை: விசா பற்றிப் பலர் கேட்டதால் இதைச் சேர்க்கிறேன். சிங்கப்பூரில் தொடங்கி அங்கேயே முடியும் பயணத்தில் நாட்டுக்குள் மீண்டும் நுழைகிறீர்கள். எனவே சிங்கப்பூருக்கு விசா தேவைப்படும் நாட்டவராக இருந்தால் பலமுறை நுழையும் அனுமதியுள்ள விசா வேண்டும், வருகை அட்டையையும் மறுபடி நிரப்ப வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் ஹாங்காங்குக்குப் போகும் முன்பே தங்கள் வருகையை இணையவழியில் பதிவு செய்துவிட வேண்டும். கரையில் இறங்கப் போவதில்லை என்றாலும் சில நாடுகளுக்கு விசா கட்டாயம் என்பதால், ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் என்ன தேவை என்று கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏறும்போது அந்த ஆவணங்களைத்தான் சரிபார்ப்பார்கள்.