புது ஆளை உருவாக்கும்போது எதை முதலில் பார்ப்பது?

நாகர்கோவிலில் ஞாயிறு மழைக்கு நாலைந்து பேர் பழம்பொரியும் கட்டன்சாயாவுமாக உட்கார்ந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுவோம், ஆளுக்கொரு கதாபாத்திரத்தை உருவாக்கி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டு அது. புதிதாக வருகிறவர்கள் 15, 14, 13, 12, 10, 8 என்ற ஆறு எண்களையும் பாத்திரத்தின் ஆறு திறன்களுக்குக் கதைக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று பங்கு போட்டு, கடைசியில் மிஞ்சும் 8-ஐ உடல்வலுவுக்கு, அதாவது கான்ஸ்டிடியூஷனுக்குத் தள்ளிவிடுவார்கள். அங்கேதான் வம்பு.

மந்திரவாதியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2014 விதிகளின்படி முதல் நிலையில் அவனுக்கு 6 உயிர்ப்புள்ளி, உடல்வலு 8 என்றால் அதிலும் ஒன்று போய் 5. கோப்ளின் என்ற குட்டி அரக்கன் விடும் அம்பு ஆறுமுகப் பகடையோடு 2 சேர்ந்து தாக்கும், ஆக பகடையில் 3 விழுந்தாலே ஆள் சாய்ந்துவிடுவான். உடல்வலு 14 இருந்தால் 8 புள்ளி, 6 விழுந்தால்தான் சாய்வான். "மக்கா, உன் ஆளு முத அம்புக்கே போயிட்டாம்லா" என்று என்னைக் கேலி செய்ததை இன்னும் விடவில்லை.

அதனால் 15 உங்கள் வகுப்பின், அதாவது மந்திரவாதி, வீரன் மாதிரியான பாத்திர வகையின் முக்கியத் திறனுக்கு, 14 உடல்வலுவுக்கு. மற்றதெல்லாம் உங்கள் இஷ்டம்.

அப்புறம், திறன் எண்ணைப் பொறுத்துப் பகடையோடு சேரும் கூடுதல் பலன் இரட்டை எண்ணில்தான் ஏறும். அதே 2014 விதிகளில் பாத்திரத்தின் இனத்தால் கிடைக்கும் 2-ஐயும் 1-ஐயும் அந்த 15, 14-ஓடு சேர்த்து 17, 15 என்று வைத்துக்கொண்டால் 4-ஆம் நிலையில் இரண்டுக்கும் ஒவ்வொன்று போட்டு 18, 16 ஆக்கலாம், இரண்டு பலனும் ஒரே நேரத்தில் ஏறும். வேறு வகுப்புக்குத் தாவும் ஆசை இருந்தால் 5-ஆம் நிலை வரை பொறுங்கள், வீரனுக்கு இரண்டாவது வெட்டும் மந்திரவாதிக்கு ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரமும் அங்கேதான் கிடைக்கும்.