கழற்றி வைத்த வாட்ச்சுக்கு நாடித் துடிப்பு

யாங்கோன் மழைக்காலத்தில் மணிக்கட்டு கசகசக்கும். வீடு வந்ததும் ஸ்மார்ட்வாட்ச்சைக் கழற்றித் துண்டின் மேல் வைத்தால், துடிப்பு 80 என்று காட்டும். துண்டுக்கு ஏது இதயம்!

பின்புறப் பச்சை விளக்கின் ஒளி தோலில் பட்டுத் திரும்பும்போது, ரத்த ஓட்டத்துக்கேற்பக் கூடிக் குறையும். அதைத்தான் சென்சார் துடிப்பாக எண்ணுகிறது. துணியோ மேசையோ ஒளியைத் திருப்பினாலும், அந்தச் சின்ன அலைவில் ஒரு தாளம் தேடி எண்ணாக்கிவிடும்.

செட்டிங்கில் அணைந்து கிடந்த 'அணிந்திருப்பதைக் கண்டறிதல்' வசதியை இயக்கினேன். வியர்வையும், இங்கே தோலில் பூசும் 'தனக்கா' என்ற மரப்பட்டைச் சாந்தும் படிந்த பின்கண்ணாடியைத் துடைத்தேன். பெரும்பாலும் சரியானது. இருந்தும் எப்போதாவது எண் வந்தது. அப்புறம், கழற்றியதும் சார்ஜரில் மாட்டத் தொடங்கினேன். சார்ஜ் ஏறும்போது என் வாட்ச் அளப்பதில்லை. கரண்ட் இல்லாவிட்டால் (இங்கே கேட்கவா வேண்டும்) ஆஃப் செய்துவிடுகிறேன்.