டெக்சாஸ் பழமைவாத வேட்பாளரை எடைபோடும்போது செய்யும் தவறுகள்

டெக்சாஸ் சட்டமன்றத்துக்கு நிற்கும் குடியரசுக் கட்சி வேட்பாளர் யாருடைய நோட்டீஸை எடுத்தாலும் ஏறக்குறைய ஒரே பட்டியல்தான். எல்லைப் பாதுகாப்பு, சொத்து வரிக் குறைப்பு, துப்பாக்கி உரிமை, கருக்கலைப்பு எதிர்ப்பு, பள்ளி விஷயத்தில் பெற்றோர் உரிமை. ஒன்றைப் படித்துவிட்டு எல்லாரையும் படித்ததாக நினைத்துக்கொள்வது சுலபம்.

இந்திய அரசியலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது இன்னும் சுலபம். இந்தியாவில் கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவியே போகலாம். அமெரிக்காவில் அப்படி ஒரு கட்சித் தாவல் தடைச் சட்டம் கிடையாது. 2023 நவம்பரில் நடந்ததைப் பாருங்கள். தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசுப் பணம் தரும் வவுச்சர் திட்டத்தைக் கொண்டுவர கவர்னர் கிரெக் அபாட் மும்முரமாக இருந்தார். 150 பேர் கொண்ட கீழவையில் அவருடைய கட்சிக்காரர்களே 21 பேர் ஜனநாயகக் கட்சியோடு சேர்ந்துகொண்டு, 84க்கு 63 என்ற கணக்கில் வவுச்சர் பகுதியைக் கல்வி மசோதாவிலிருந்து தூக்கிவிட்டார்கள். அவர்களில் பலர் கிராமப்புறத் தொகுதிக்காரர்கள். பல சின்ன ஊர்களில் தனியார் பள்ளியே இல்லை. அரசுப் பள்ளிதான் நிறையப் பேருக்கு வேலை தரும் இடம், வெள்ளிக்கிழமை ராத்திரி ஃபுட்பாலுக்கு ஊரே திரளும் இடமும் அதுதான். அந்த ஊர்க்காரருக்கு வவுச்சரால் என்ன லாபம்? அவர்களும் பழமைவாதிகள்தான், ஆனால் தொகுதிக்குத் தகுந்த பழமைவாதிகள்.

கதை அங்கே முடியவில்லை. 2024 மார்ச் ப்ரைமரியில், அதாவது கட்சி வேட்பாளர் யார் என்று வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் தேர்தலில், அவர்களில் பலரை எதிர்த்து நின்றவர்களுக்கு அபாட் ஆதரவாக இறங்கினார். பலர் தோற்றார்கள். 2025ல் 100 கோடி டாலர் வவுச்சர் திட்டம் கீழவையில் நிறைவேறியபோது எதிர்த்த குடியரசுக் கட்சிக்காரர்கள் இரண்டே பேர்.

ஆகவே நவம்பர் தேர்தலை மட்டும் கவனிப்பது அடுத்த தவறு. பெரும்பாலான தொகுதிகளில் எந்தக் கட்சி ஜெயிக்கும் என்பது தொகுதி எல்லையை வரையும்போதே தெரிந்துவிடும். நிஜப் போட்டி மார்ச் ப்ரைமரியில்தான், யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் மே மாத மறுசுற்றில். டெக்சாஸில் வாக்காளராகப் பதியும்போது கட்சி கேட்பதில்லை. எந்தக் கட்சி ப்ரைமரியில் ஓட்டுப் போடுவது என்று நீங்களே முடிவு செய்யலாம், இரண்டிலும் போட முடியாது, அவ்வளவுதான்.

சொத்து வரிக்கு வருவோம். 'ஒழித்துக்கட்டுவேன்' என்று கை தட்டல் வாங்குகிறவரிடம் கேட்க வேண்டியது, அந்தப் பணம் வேறு எங்கிருந்து வரும் என்பதுதான். அந்த வரியைப் போடுவது மாநில அரசே அல்ல. அரசுப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டம், கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி), நகராட்சி ஆகியவைதான் போடுகின்றன. மாநிலத்துக்கு வருமான வரியும் இல்லை, 2019ல் அரசியலமைப்பிலேயே அதற்குப் பூட்டுப் போட்டாயிற்று. சட்டமன்றம் செய்தது பள்ளி வரியில் சலுகை தந்ததுதான். சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கு வீட்டு மதிப்பில் 40,000 டாலராக இருந்த வரி விலக்கு 2023ல் ஒரு லட்சமானது, 2025ல் 1,40,000 ஆனது. வாடகைக்கு இருப்பவருக்கு இந்த விலக்கு கிடையாது. மேடையில் இதை யாரும் சொல்வதில்லை.

பதவியின் அதிகாரத்தை மீறிய வாக்குறுதிகளும் உண்டு. எச்1பி விசா விதிகளை மாநில உறுப்பினர் மாற்ற முடியாது, அது வாஷிங்டன் வேலை. அதற்காக எல்லை விஷயத்தை வெறும் பேச்சு என்று தள்ளிவிடவும் கூடாது. 2021ல் தொடங்கிய 'ஆபரேஷன் லோன் ஸ்டார்' எல்லைக் காவலுக்கு மாநிலப் பணம் 1,100 கோடி டாலருக்கு மேல் போயிருக்கிறது. கருக்கலைப்போ 2022 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு பெரும்பாலும் மாநிலங்கள் கையில். நோட்டீஸில் ஒரே ஒரு வரியாக இருந்தாலும் அதற்குத்தான் கனம் அதிகம்.

ஏற்கெனவே பதவியில் இருப்பவர் என்றால் பேச்சை விட்டுவிட்டு ஓட்டைப் பாருங்கள். ஒற்றைப்படை ஆண்டுகளில் 140 நாள் கூடும் அவையில் யார் எதற்கு ஓட்டுப் போட்டார் என்பது சட்டமன்ற இணையதளத்திலேயே கிடைக்கும். அரசியல் அமைப்புகள் உறுப்பினர்களின் ஓட்டுகளைப் பார்த்துத் தரும் மதிப்பெண் அட்டையை நம்பி உட்காராதீர்கள், எந்தெந்த ஓட்டுகளைக் கணக்கில் எடுப்பது என்பதை அவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். புதுமுகம் என்றால் டெக்சாஸ் நெறிமுறை ஆணையத்தில் தாக்கலான நன்கொடைக் கணக்கைத் திறக்கலாம். மாநிலச் சட்டமன்ற வேட்பாளருக்குத் தனிநபர் தரும் தொகைக்கு அங்கே உச்சவரம்பு இல்லை. பெரிய தொகையாக வந்திருந்தால் கொடுத்தவர் பெயரும் அதே பக்கத்தில் இருக்கும்.