வெள்ளையடிக்கிற மட்டையால் ஒரு கொரியக் கிண்ணம்

எங்கள் அப்பா பழைய வண்ணாரப்பேட்டையில் வெள்ளையடிக்கிற வேலை பார்த்தவர். பொங்கலுக்கு முந்தின இருபது நாள் அவரை வீட்டில் பார்க்க முடியாது. கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தொட்டியில் கொட்டித் தண்ணீர் ஊற்றினால் அது புகைந்து கொதிக்கும். நாங்கள் பிள்ளைகள் தள்ளி நின்று வேடிக்கை பார்ப்போம். முதல் கோட்டிங் அடித்த சுவர் காய்ந்தும் காயாமல் இருக்கும்போது மட்டை போன தடம் ஒவ்வொன்றும் தெரியும், அடியில் பழைய சுவரின் அழுக்கு எட்டிப் பார்க்கும். இரண்டாவது கோட்டிங்கில் எல்லாம் மறைந்துவிடும். எனக்கு எப்போதும் முதல் கோட்டிங்தான் பிடிக்கும். சொன்னால் அடி விழும் என்பதால் சொன்னதில்லை.

நாற்பது வயதுக்கு மேல் ஞாயிற்றுக்கிழமை மண்பாண்ட வகுப்புக்குப் போக ஆரம்பித்தேன். அங்கே ஒரு படப் புத்தகத்தில் ஐநூறு வருடப் பழசான கொரியக் கிண்ணம் இருந்தது. சாம்பல் நிற மண், மேலே வெள்ளைப் பூச்சு, பூச்சு முழுக்கத் தூரிகை சுற்றிய தடம். ‘இது முதல் கோட்டிங் ஆச்சே!’ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அந்தக் கிண்ணத்தை நம் ஊரில் கிடைக்கிற சாமான்களை வைத்து எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்த வகைப் பாண்டத்துக்கு புன்சோங் என்று பெயர். ஜோசோன் அரச காலத்தின் முதல் இருநூறு வருடம், அதாவது 15, 16ஆம் நூற்றாண்டுகளில், கொரியா முழுக்கப் புழங்கியது. இரும்புச் சத்துள்ள மண் என்பதால் வெந்ததும் சாம்பலாகக் கறுத்துவிடும். அதை மறைக்க வெள்ளைக் களிக்குழம்பைப் பூசினார்கள். நம் வீட்டுச் சுவர்க் கதைதான். 1592இல் ஜப்பான் படையெடுத்தது. ஏழு வருடச் சண்டையில் சூளைகள் அழிந்தன, குயவர்களைக் கப்பலேற்றி ஜப்பானுக்குக் கொண்டு போனார்கள். அதோடு கொரியாவில் புன்சோங் மங்கிப்போனது. முரட்டுத் தூரிகையால் இழுத்துப் பூசும் முறைக்கு க்வியால் என்று பெயர். பசை தடவும் தூரிகையின் பெயரே பூச்சுக்கும் ஆகிவிட்டது. பாத்திரத்தையே குழம்பில் முக்கி எடுப்பது தொம்பொங். தண்ணீரில் எதையாவது போட்டால் கேட்கிற சத்தம் அது. நாம் ‘தொபுக்’ என்போமே, அதேதான்.

முதலில் மண். நான் செய்த பெரிய தப்பை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கொசப்பேட்டையில் பிள்ளையார் செய்கிற ஒருவரிடம் களிமண் வாங்கி வந்து அதிலேயே ஆறு கிண்ணம் செய்தேன். பூச்சு அழகாக வந்தது. 1200 டிகிரிக்கு மேல் போகிற சூளையில் வைத்ததும் மண் பொங்கி உருகி, ஆறும் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொண்டன. தட்டுக்கான காசையும் நானே கொடுத்தேன். நம் பானை மண் குறைந்த சூட்டுக்கு ஆனது, அதன்மேல் குற்றமில்லை. இந்த வேலைக்கு ஸ்டோன்வேர் களிமண் என்று கேட்டு வாங்குங்கள். வெளிறிய மண்தான் கிடைத்தால் நூறு பங்குக்கு இரண்டு மூன்று பங்கு சிவப்பு இரும்பு ஆக்சைடு சேர்த்துப் பிசையுங்கள். அடியில் இருட்டு இருந்தால்தான் மேலே வெள்ளை பேசும்.

கிண்ணம் கொஞ்சம் தடிமனாகவே இருக்கட்டும். சக்கரம் இல்லையென்றால் கையால் கிள்ளிச் செய்தாலும் போதும்.

குழம்புக்கு நான்கு பொடிகள்: சைனா கிளே, பால் கிளே, ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ். நான்கும் சம எடை. நூறு கிராம் வீதம் எடுத்தால் பத்துக் கிண்ணத்துக்கு வரும். வகுப்பிலேயே கிடைக்கும், இல்லையென்றால் பாரிமுனைப் பக்கம் ரசாயனக் கடைகளில் விசாரியுங்கள். தண்ணீரில் பொடியைத் தூவி ஒரு ராத்திரி ஊறவிட்டு, கரைத்து, மெல்லிய சல்லடையில் இரண்டு தடவை வடிகட்ட வேண்டும். பதம் ஆப்பமாவு மாதிரி. இட்லி மாவு மாதிரி இருந்தால் திட்டுத் திட்டாக நின்று பிறகு உரியும், மோர் மாதிரி இருந்தால் தடமே விழாது. பொடியைக் கையாளும்போது முகக்கவசம் கட்டாயம். குவார்ட்ஸ் தூசி நுரையீரலில் போய் உட்கார்ந்துகொள்ளும். சிந்தியதைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

இனி தூரிகை. பாதிக் கலை இதில்தான் இருக்கிறது. கடையில் விற்கிற மென்மையான பெயின்ட் பிரஷ் எதற்கும் உதவாது. வழவழவென்று பூசித் தடத்தை அதுவே மூடிவிடும். ஈர்க்குச்சியைக் கட்டிப் பார்த்தேன், மண்ணைக் கீறியது. பூந்துடைப்பத்தின் நுனியை இரண்டு அங்குலத்துக்கு வெட்டி இறுக்கிக் கட்டியதில் ஓரளவு வந்தது. கடைசியில் அப்பாவின் மட்டைதான் கைகொடுத்தது. தென்னை மட்டையில் ஒரு சாண் துண்டு வெட்டி, ஒரு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, ஒரு முனையைக் கல்லின் மேல் வைத்துச் சுத்தியலால் நசுக்குங்கள். சதை கழன்று நார் மட்டும் நிற்கும். அதைச் சீப்பால் வாரி, மூன்று விரல் அகலத்துக்கு நறுக்கிவிடுங்கள். நார் ஒன்றுபோல இருக்கக் கூடாது. தடித்தது, மெலிந்தது, வளைந்தது எல்லாம் கலந்திருந்தால்தான் கோடுகளுக்கு உயிர் வரும்.

பூசும் நேரம் முக்கியம். நகத்தால் கீறினால் கோடு விழ வேண்டும், விரலால் அமுக்கினால் பள்ளம் விழக் கூடாது. அதுதான் பதம். அதைத் தாண்டிக் காய்ந்துவிட்டால் கிண்ணம் ஏற்கெனவே சுருங்கி முடித்திருக்கும், மேலே பூசியது தனியாகச் சுருங்கிச் செதில் செதிலாகக் கழன்று வரும். கத்திரி வெயிலில் எங்கள் மொட்டைமாடியில் இந்தப் பதம் ஒரு மணி நேரத்தில் வந்து போய்விடும். மழைக்காலத்தில் கடல் காற்றின் ஈரத்தில் இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் பையால் மூடி வைத்து அவ்வப்போது தொட்டுப் பாருங்கள்.

சரி, பூசலாம். கிண்ணத்தைக் கையால் சுற்றும் திருகுமேடையில் நடுவாக வையுங்கள். மட்டையைக் குழம்பில் நன்றாக முக்குங்கள், சொட்டச் சொட்ட. இடது கையால் மேடையைச் சுற்றிவிட்டு, கிண்ணத்தின் உட்புற நடுவில் மட்டையை வைத்து, சுற்று நிற்பதற்குள் விளிம்புவரை ஒரே இழுப்பாக வெளியே கொண்டு வாருங்கள். மூன்று சுற்று, மிஞ்சினால் நான்கு. அவ்வளவுதான். ஆரம்பத்தில் குழம்பு கனமாக விழும், முடிவில் மட்டை வறண்டு மண் தெரியும். அந்த வறட்சிதான் அழகு. விட்ட இடத்தை மறுபடி தொட்டு நிரப்பினால் போயிற்று, இரண்டாவது கோட்டிங் ஆகிவிடும்.

பூசியதும் கிண்ணம் ஈரத்தை உறிஞ்சித் தொய்யும், ஒரு மணி நேரம் தொடாதீர்கள். இறுகிய பிறகு கவிழ்த்து வெளிப்புறம் பூசுங்கள். வெளியே மட்டை வேண்டாமென்றால், அடிப்பாகத்தை விரல்களால் பிடித்துத் தலைகீழாகத் தொபுக்கென்று முக்கி எடுங்கள். விரல் பிடித்த இடம் வெறும் மண்ணாக நிற்கும். அதையும் சரிசெய்யாதீர்கள்.

சரிசெய்யாமல் விடத் தைரியம் வரவில்லையென்றால் ஒரு ஜாடியைப் பாருங்கள். 1935இல் பெர்னார்ட் லீச் என்ற ஆங்கிலேயக் குயவர் சியோலில் ஒரு வெள்ளை ஜாடி வாங்கினார். நிலா ஜாடி என்பார்கள். இரண்டு பெரிய கிண்ணங்களைச் செய்து வாயோடு வாய் ஒட்டியது, அதனால் வயிற்றில் கோணல் அப்பட்டமாகத் தெரியும். அதை அவர் லண்டனில் இருந்த லூசி ரீ என்ற குயவரிடம் கொடுத்தார். லூசி ரீயின் கிண்ணங்கள் காகிதம்போல மெல்லியவை, நறுக்குத் தெறித்தவை. அப்படிப்பட்டவர் 1995இல் இறக்கும்வரை இந்தக் கோணல் ஜாடியைத் தன் பட்டறையிலேயே வைத்திருந்தார். இப்போது அது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. லண்டனில் வேலை செய்யும் அகிகோ ஹிராய் இன்றைக்குச் செய்யும் நிலா ஜாடிகள் இன்னும் ஒரு படி மேலே: சொரசொரப்பும் வெடிப்புமாக, அடுப்புச் சாம்பலில் புரட்டி எடுத்ததுபோல இருக்கும்.

க்வியால் பூச்சையே பழக வேண்டுமென்றால் வேல்ஸ் நாட்டு ஃபில் ராஜர்ஸின் கிண்ணங்களைத் தேடுங்கள். தேடும்போது ‘ஹகெமே’ என்றும் போடுங்கள். லீச் மண் வேலை கற்றது ஜப்பானில் என்பதால் கொரியக் குயவர்களின் சரக்கு ஜப்பானியப் பெயரிலேயே மேற்கே பரவிவிட்டது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். கொரியாவில் லீ காங் ஹ்யோ என்ற குயவர் ஆளுயர ஜாடியின் மேல் குழம்பைக் கையால் அள்ளி வீசுவதையும் பாருங்கள். அந்தப் பெரிய ஜாடி வகைக்குப் பெயர் ஓங்கி. உள்ளே ஒரு கட்டை, வெளியே ஒரு பலகை வைத்துத் தட்டித் தட்டி வளர்ப்பது, நம் வேளார்கள் பானை தட்டுவதுபோல. ஓங்கி அடிப்பதால்தான் அந்தப் பெயர் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

சுடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நன்றாகக் காயவிட்டு 950 டிகிரியில் ஒரு தடவை சுட்டு, தெளிந்த கிளேஸ், அதாவது கண்ணாடிபோலப் பளபளக்கும் மேல்பூச்சு, போட்டு, உங்கள் மண் தாங்கும் சூட்டில், 1220இலிருந்து 1280க்குள், மறுபடி சுட வேண்டும். காற்றைக் குறைத்து எரிக்கும் கேஸ் சூளையில்தான் அந்தச் சாம்பல் நிறம் வரும். கரண்ட் சூளையில் மண் பழுப்பாகும், அதுவும் கெட்டதில்லை.

முதன்முதலாக உருப்படியாக வந்த கிண்ணத்தை வீட்டுக்குக் கொண்டு போய் அப்பா கையில் கொடுத்தேன். இப்போது அவருக்குக் கண் கொஞ்சம் மங்கல். வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே விரலை விட்டுத் தடத்தின் வழியே ஒரு சுற்றுச் சுற்றினார்.

“இன்னொரு கோட்டிங் எப்போ அடிக்கப் போறே?” என்றார்.