பையர் மெயிலில் ஓடும் ‘ரன்’

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் மெர்ச்சண்டைசிங் வேலைக்கு, அதாவது பையரோடு பேசி ஆர்டரை முடித்துக் கொடுக்கும் வேலைக்கு, வருகிற பிள்ளைகள் ஆங்கிலம் தெரியாமல் வருவதில்லை. பி.காம் முடித்திருப்பார்கள், இல்லை ஃபேஷன் டிசைனிங். ஆனாலும் பையர் (ஆர்டர் தரும் வெளிநாட்டுக்காரர்) அனுப்பிய நாலு வரி மெயிலைப் படித்துவிட்டு என் மேசைக்கு வந்து நிற்பார்கள். “அக்கா, எல்லா வார்த்தையும் தெரியுதுங்க, என்ன சொல்றாங்கன்னுதான் தெரியலைங்க.” பார்த்தால் கெட், புட், டேக், ரன் என்று சின்ன வகுப்பில் படித்த சொற்களாகத்தான் இருக்கும். ஆளைக் கவிழ்ப்பது அவைதான்.

எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பிடிக்கப் போகாதீர்கள். ஒரு வினைச்சொல்லை எடுத்துக்கொண்டு ஒரு மாதம் அதோடு மட்டும் இருங்கள். நான் முதலில் கொடுப்பது ‘ரன்’. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியைத் திருத்துகிறவர்கள் 2011 வாக்கில் இந்த ஒரு வினைக்கு மட்டும் 645 பொருள் கணக்கிட்டார்கள். பயப்பட வேண்டாம், பனியன் கம்பெனிக்கு இருபது தெரிந்தால் வண்டி ஓடும்.

மெயில் பெட்டியைத் திறந்து, தேடும் இடத்தில் ரன், ரன்னிங், ரேன் என்று மூன்றையும் ஆங்கிலத்தில் அடித்துத் தேடுங்கள். கூரியர்காரர் மெயிலையும் பேங்க் விளம்பரத்தையும் தள்ளிவிட்டு, பையரும் பையிங் ஆபீஸும் (பையருக்காக இங்கே ஆர்டரைக் கவனிப்பவர்கள்) எழுதிய வரிகளை மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பக்கத்தில் தமிழ்ப் பொருள் எழுத வேண்டாம். ‘ரன்’னுக்குப் பின்னால் என்ன குட்டிச்சொல் வந்தது, என்ன நிலைமையில் சொன்னார்கள், அதற்காக நம் பக்கம் யார் என்ன செய்ய வேண்டியிருந்தது, இவை போதும். மூன்றாவதை எழுதாதவர்களுக்கு இந்தப் பயிற்சியால் பயனில்லை. கட்டிங்கை நிறுத்த வேண்டுமா, டையிங்குக்கு போன் போட வேண்டுமா என்பது தெரிந்தால் அந்தத் தொடர் மறக்காது.

பாதி வேலையை நம் ‘ஓடு’ ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறது. மெஷின் ஓடுகிறது, படம் ஓடுகிறது, கடை ஓடுகிறது. “அஞ்சாவது லைன்ல என்ன ஸ்டைலுங்க ஓடுது?” என்று சூப்பர்வைசரைக் கேட்கிறோமே, பையர் கேட்பதும் அதே கேள்விதான். இவற்றில் எல்லாம் ‘ரன்’ வந்தால் தமிழிலேயே யோசியுங்கள், சரியாக வரும். நமக்கு ஓடாதது அவர்களுக்கு ஓடும் இடங்கள்தான் கவனிக்க வேண்டியவை. துணியில் சாயம் நமக்குப் போகும், அவர்களுக்கு ஓடும். ஸ்டாக் நமக்குத் தீரும், அவர்களுக்கு அதுவும் ஓடும்.

அந்த ஸ்டாக் விஷயத்தில் மூன்று படி இருக்கிறது, இதில் சறுக்குகிறவர்கள் நிறைய. மெயின் லேபிளை எடுத்துக்கொள்வோம். ‘ரன்னிங் லோ ஆன் லேபிள்ஸ்’ என்றால் கையில் இருக்கிறது, குறைந்துகொண்டு வருகிறது. ‘ரன்னிங் ஷார்ட் ஆஃப் லேபிள்ஸ்’ என்றால் இந்த ஆர்டரை முடிக்கப் போதாது போலிருக்கிறது. ‘ரன் அவுட் ஆஃப் லேபிள்ஸ்’ என்றால் ஒன்றுகூட இல்லை, பேக்கிங் நிற்கிறது. (நம் பையன்களுக்கு ‘ரன் அவுட்’ என்றதும் ஸ்டம்ப்தான் கண்ணில் வரும். அதுவும் உதவிதான், ஆட்டம் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.) முதல் படிக்குப் பையர் பதறமாட்டார். இரண்டாவதற்கு எத்தனை குறைகிறது என்று கேட்பார். மூன்றாவதைப் படித்த உடனே புது ஷிப்மென்ட் தேதி கேட்பார், ஏர் ஃப்ரைட் (விமானத்தில் அனுப்பும் செலவு) யார் தலையில் என்ற பேச்சும் கூடவே வரும். இன்னும் எட்டுக் கட்டு லேபிள் ஸ்டோரில் இருக்கும்போது ‘ரன் அவுட்’ என்று எழுதி வைத்தால், இல்லாத தீயை நாமே மூட்டுகிறோம். ஸ்டோரில் எண்ணிப் பார்த்துவிட்டு எந்தப் படி என்று முடிவு செய்யுங்கள்.

அடுத்தது ஜோடி. ‘ரன் இட் பை மீ’ என்றால் செய்வதற்கு முன் என்னிடம் காட்டு. ‘ரன் இட் பாஸ்ட் மீ’ என்றாலும் அதேதான். ‘ரன் வித் இட்’ என்றால் அப்படியே செய், போ. ஒன்று சிவப்பு விளக்கு, மற்றது பச்சை. எனக்குத் தெரிந்த ஒரு யூனிட்டில், பையர் புது பிரிண்ட் இடத்தைப் பற்றி ‘பை மீ’ என்று எழுதியிருக்கிறார். படித்த தம்பி ‘ரன்’ என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு, “ஏனுங்க மாஸ்டர், ஓட்டச் சொல்லிட்டாங்க” என்று கட்டிங்குக்குச் சொல்லிவிட்டார். மாஸ்டர் துணியை விரித்து வெட்டியே விட்டார். பையர் சொன்ன இடத்தில் பிரிண்ட் அடிக்க அந்தப் பேனலில் இடமில்லை. ஆகவே ‘பை’, ‘பாஸ்ட்’ கண்ணில் பட்டால் பேனாவைக் கீழே வையுங்கள். ஃபோட்டோவோ ஸ்ட்ரைக் ஆஃபோ (துணியில் அடித்துப் பார்த்த பிரிண்ட் மாதிரி) அனுப்பி, பதில் வந்த பிறகு நகருங்கள்.

ஃபிட் கமென்ட்டில் வருவது வேறு வகை. ‘திஸ் ஸ்டைல் ரன்ஸ் ஸ்மால்’ என்றால் சைஸ் சின்னதாக வருகிறது, எம் போட்டால் எஸ் மாதிரி உட்காருகிறது. ‘ரன்ஸ் லார்ஜ்’ அதற்கு நேர் எதிர். இதற்கு டெய்லரைத் திட்டிப் பயனில்லை. முதலில் டேப்பை எடுத்து அளந்து ஸ்பெக் ஷீட்டோடு (பையர் கொடுத்த அளவுப் பட்டியல்) ஒப்பிடுங்கள். அளவு டாலரன்ஸுக்குள் (அனுமதித்த வித்தியாசம்) இருந்தால் குறை ஸ்பெக்கிலோ கிரேடிங்கிலோ (சைஸுக்கு சைஸ் அளவை ஏற்றி இறக்குவது) இருக்கிறது, பேட்டர்ன் மாஸ்டரோடு பேச வேண்டும். துவைத்த பிறகு மட்டும் சின்னதாகிறது என்றால் காம்பாக்டிங்கை (துணி பிறகு சுருங்காமல் முன்பே அமுக்கி வைக்கும் வேலை) பாருங்கள். ‘ஃபுல் சைஸ் ரன்’ என்பது இதில் சேராது. அது எக்ஸ்.எஸ் முதல் டபுள் எக்ஸ்.எல் வரை எல்லா சைஸிலும் சாம்பிள் கேட்பது.

‘தி கலர் இஸ் ரன்னிங்’ வந்தால் டையிங்குக்குப் போன். துவைத்தால் சாயம் இறங்கி வெள்ளை ரிப்பில் (கழுத்துப் பட்டி மாதிரி இடங்களில் வைக்கும் துணி) ஏறுகிறது என்று பொருள். லேப் ரிப்போர்ட்டில் துவைப்புக்கான ஃபாஸ்ட்னஸ் (சாயம் நிற்கும் திறன்) 1 முதல் 5 வரை மதிப்பெண்ணாக இருக்கும், 5 தான் நல்லது. பதில் எழுதும்போது அந்த எண்ணைச் சேர்த்து எழுதுங்கள். அமெரிக்க பையர் ‘தேர் இஸ் எ ரன் இன் தி ஃபேப்ரிக்’ என்றால் சாயம் அல்ல, ஒரு கண்ணி அறுந்து நீளமாகக் கீழே பிரிந்திருக்கிறது. இங்கிலாந்துக்காரர் அதையே ‘லேடர்’ என்பார். துணியில் ஏணி எதற்கு என்று கேட்காதீர்கள்.

‘ரன் ஆஃப் தி மில்’ எனக்குப் பிடித்த தொடர், நம் தொழிலோடு ஒட்டியது. மில்லிலிருந்து வந்த சரக்கை நல்லது, சுமார் என்று தரம் பிரிக்காமல் வந்தபடியே விற்பதைத்தான் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் அப்படிச் சொன்னார்கள். காதர்பேட்டை பனியன் கடைகளில் லாட்டாகக் குவித்து வைத்திருப்பார்களே, அதை நினைத்துக்கொள்ளலாம். இப்போது அதன் பொருள் ‘சாதாரணம், எங்கும் கிடைப்பது’. கோயம்புத்தூர், திருப்பூர்க்காரர்களுக்கு மில் என்றாலே ஒரு மரியாதை உண்டு, அதனால் பாராட்டு என்று நினைத்துவிடுகிறார்கள். பையர் நம் டிசைனை அப்படிச் சொன்னால் அவருக்குப் பிடிக்கவில்லை, வேறு காட்ட வேண்டும்.

அதைவிட ஆபத்தானது ‘கட் அண்ட் ரன்’. கட்டிங் போட்டு லைனை ஓட்டு என்று தோன்றும். அது கப்பல்காரர்கள் பேச்சு. நங்கூரக் கயிற்றை இழுத்து ஏற்ற நேரமில்லாமல் வெட்டிவிட்டுக் காற்றோடு ஓடிப்போவது. நம் தொழிலில் இது சோஷியல் ஆடிட் (தொழிலாளர் நிலைமையைப் பார்க்கும் சோதனை) சம்பந்தமான மெயிலில் வரும். ஃபேக்டரியில் ஒரு குறை கண்டதும் பையர் சரிசெய்ய உதவாமல் ஆர்டரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவதுதான் ‘கட் அண்ட் ரன்’. ‘வீ டோன்ட் கட் அண்ட் ரன்’ என்று பையர் எழுதினால் கட்டிங் வேண்டாம் என்று அர்த்தமில்லை. உங்களை விட்டுப் போகமாட்டோம், குறையைச் சரி செய்யுங்கள் என்கிறார். கம்ப்ளையன்ஸ் (விதிமுறைகள்) பார்க்கிறவருக்கு உடனே அனுப்புங்கள்.

மற்றவை சுலபம். ‘டிரை ரன்’ ஒத்திகை. ‘அப் அண்ட் ரன்னிங்’ லைன் செட்டாகி ஓட ஆரம்பித்துவிட்டது. ‘ரன்னிங் லேட்’, ‘ரன்னிங் பிஹைண்ட்’ இரண்டும் தாமதம். ‘ரன் த்ரூ’ மேலோட்டமாக ஒருமுறை பார்ப்பது. ‘ரன் அப் எ சாம்பிள்’ சட்டென்று ஒரு பீஸ் தைத்துக் கொடுப்பது, ஆனால் ‘ரன் அப் எ பில்’ கடனை ஏற்றிக்கொள்வது. ‘இன் தி ரன் அப் டு கிறிஸ்துமஸ்’ பண்டிகைக்கு முந்தைய நாட்கள். ‘இன் தி லாங் ரன்’ நாளடைவில்.

எழுதும்போது சில இடங்களில் கை தடுமாறும். ‘ஹேவ்’ வந்தால் ‘ரன்’தான், ‘ஹேவ் ரேன்’ கிடையாது. ‘வீ ரேன் அவுட் ஆஃப் த்ரெட்’ என்று ஆள் முன்னால் வந்தால் ‘ஆஃப்’ வேண்டும். ‘தி த்ரெட் ரேன் அவுட்’ என்று பொருள் முன்னால் வந்தால் வேண்டாம். ‘இட்’ எப்போதும் ‘ரன்’னுக்கும் ‘பை’க்கும் நடுவில் உட்காரும். ‘வீ ரேன் இன்டு எ ப்ராப்ளம்’ என்பதில் ‘ரேன் இன்டு’வைப் பிரிக்க முடியாது. ‘ஓவர்’ மட்டும் பார்த்துப் பழகுங்கள். மீட்டிங் ‘ரேன் ஓவர்’ என்றால் நேரம் தாண்டியது, மானேஜரை ‘ரேன் ஓவர்’ என்றால் அவர் மேல் வண்டியை ஏற்றிவிட்டோம்.

பையருக்கு எழுதும் எல்லா மெயிலிலும் இவற்றைத் திணிக்க வேண்டாம். பெனால்டி, கிளெய்ம், எல்.சி (பணத்துக்கு பேங்க் தரும் உறுதிக் கடிதம்) சம்பந்தப்பட்ட மெயிலில் ஒன்றுகூட வேண்டாம், தேதியும் எண்ணிக்கையும் நேரடியாக எழுதுங்கள். மற்றபடி ‘ரன்னிங் லோ’, ‘ரன் இன்டு’, ‘ரன் இட் பை யூ’ மூன்றையும் தைரியமாகப் பயன்படுத்தலாம். ‘ரன் ஆஃப் தி மில்’, ‘கட் அண்ட் ரன்’ புரிந்தால் போதும், நாம் எழுத வேண்டிய தேவை வராது.

போன் காலில் வேறு சிக்கல். ‘ரன் இட் பை மீ’ காதில் ‘ரனிட்பைமீ’ என்று ஒரே சொல்லாகத்தான் விழும். மாலை பெருமாநல்லூர் பஸ்ஸில் போகும்போது நோட்டில் எழுதியதை வாய்க்குள் சேர்த்துச் சொல்லிப் பழகுங்கள், யாரும் கவனிக்கமாட்டார்கள். அப்படியும் காலில் புரியாவிட்டால் ‘எஸ், எஸ்’ சொல்லாமல், நீங்கள் செய்யப்போவதை அவரிடமே கேளுங்கள்: “சோ வீ ஹோல்ட் கட்டிங் அன்டில் யூ கன்ஃபர்ம், ரைட்?” அவர் ஆம் என்றதும் அதே வரியை மெயிலில் போட்டு, கட்டிங் மாஸ்டருக்குத் தமிழில் வாட்ஸ்அப் அனுப்பிவிடுங்கள்.