சம வாய்ப்புக் கொள்கை எச்.ஆர். ஃபைலுக்குள் தூங்கலாமா?

திருப்பூரில் பையர் ஆடிட், அதாவது துணி வாங்குகிற நிறுவனத்தின் ஆய்வு, வருகிறதென்றால் தீயணைப்பு சிலிண்டர் முதல் கழிப்பறைக் கதவு வரை எல்லாம் பளபளப்பாகிவிடும். பல கம்பெனிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கான சம வாய்ப்புக் கொள்கையும் அந்த அவசரத்தில்தான் பிறக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டு பக்கம், எங்கிருந்தோ நகலெடுத்தது. ஆடிட் முடிந்ததும் ஃபைலுக்குள் போய்விடும். செக்கிங் டேபிளில் நிற்கிற பெண்ணுக்கு அப்படியொரு தாள் இருப்பதே தெரியாது.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டமும் 2017 விதிகளும் கேட்பது வேறு. கொள்கை இணையதளத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் பிரதியைப் பதிவு செய்யவும் வேண்டும். டைம் ஆபீஸ் சுவரில் தமிழிலும், வடமாநிலத்தவர் இருந்தால் இந்தியிலும் ஒட்டினால் என்ன குறைந்துவிடும்?

"நாம தனியாருங்க, நமக்கெதுக்கு?" என்பார்கள். 4 சதவீத இடஒதுக்கீடு அரசு வேலைக்குத்தான், சரி. அதற்காகச் சட்டமே நமக்கில்லை என்று முடிவு கட்டக்கூடாது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற தனியார் நிறுவனம், மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற வேலைகளைப் பட்டியலிட்டு, இதைக் கவனிக்கத் தொடர்பு அலுவலர் ஒருவரையும் நியமிக்க வேண்டும். அதற்குக் கீழே உள்ள ஜாப் ஒர்க் யூனிட்டுக்கும் கொள்கை உண்டு, கொஞ்சம் சுருக்கமாக.

கண்ணால் பார்த்தவுடன் தெரிந்தால்தான் ஊனம் என்ற நினைப்பும் போகவில்லை. 1995 சட்டத்தில் 7 வகை இருந்தது, இப்போது 21. தலசீமியா, பார்கின்சன், மனநலப் பாதிப்பு, கற்றல் குறைபாடு எல்லாம் அதில் அடக்கம்.

அப்புறம் சாய்தளம். கோவையில் கடை வாசலில் 3 படி, படிக்கு 6 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 18 அங்குல உயரம். 1-க்கு 12 என்ற அளவில், அதாவது ஓர் அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம் என்று போட்டால் சாய்தளம் 18 அடி நீளம் வரும். நம்மாட்கள் 5 அடியில் முடித்து, மேலே வழுவழு டைல்ஸும் பதித்துவிடுவார்கள். சக்கர நாற்காலியில் வருபவரை இரண்டு பேர் தூக்கித்தான் ஏற்ற வேண்டும். இது பைக் ஏற்ற மட்டும்தான் உதவும். இடமில்லையா? பக்கவாட்டில் மடக்கிப் போடலாம். திரும்புகிற இடத்தில் சமதளமும், இருபுறமும் கைப்பிடியும் வேண்டும். மேஸ்திரி தளம் போடுவதற்கு முன்பே, சக்கர நாற்காலி பயன்படுத்துகிற ஒருவரிடம் இடத்தைக் காட்டிக் கேட்டுவிடுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கென்று கட்டிய கழிப்பறையில் நூல் கோன் பெட்டிகளை அடுக்கிப் பூட்டி வைப்பதையும் நிறுத்துங்கள்.

காது கேளாதவர் தையல் லைனில் இருந்தால் தீ எச்சரிக்கைக்கு மணி மட்டும் போதாது, மின்னி எரியும் விளக்கும் வேண்டும். நேர்காணலில் அவரை விட்டுவிட்டுக் கூட வந்த அண்ணனிடமே எல்லாவற்றையும் கேட்பதும் தப்பு. அவர் எழுதிக் காட்டுவார்.

உள்ளாட்சிகளிலும் இதே கதை வரக்கூடும். மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்க 2025-ல் தமிழகச் சட்டமன்றம் திருத்தம் கொண்டுவந்தது. நியமித்துவிட்டு, கூட்டத்தை லிஃப்ட் இல்லாத மாடியில் வைத்தால் அவர் எப்படி வருவார்?

சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்து 50,000 முதல் 5 லட்சம் வரை. லைனில் பத்துப் பேர் முன்னால் ஒருவரை அவமானப்படுத்தவென்றே "நொண்டி", "செவிடு" என்று கூப்பிடுகிற சூப்பர்வைசருக்கு 92-ஆம் பிரிவு தனி. அதில் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை.